கொழும்புல லஞ்ச் மீட்டிங்கா? போறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

சென்னைல இருந்து வேலைக்கு வந்த முதல் வாரம், வெள்ளவத்தைல இருக்கிற ஒரு கிளையன்ட் போன்ல "தம்பி, சைவமோ மச்சமோ?"ன்னு கேட்டார், நான் கன்னத்துல இருக்கிற மச்சத்த தடவிக்கிட்டு முழிச்சேன். இங்க மச்சம்னா மீன், கறி வகையறா.

நீங்க சைவம்னா ஒண்ணு நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, மாசி. மாலத்தீவு பக்கத்து காஞ்ச சூரை மீன் அது, தேங்காய் சம்பல், சீனி சம்பல்ல இடிச்சு போட்டிருப்பாங்க, சில இடத்துல கத்தரிக்கா மோஜுலயும் இருக்கும், பாத்தா தெரியாது, "மரக்கறி (காய்கறி) மட்டும்"னு சொன்னாலும் சில இடத்துல சம்பல்ல இருக்கும். அதனால "மாசி போட்டிருக்கா?"ன்னு வாய விட்டு கேட்டுடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நான் கேக்காம ரெண்டு தடவ சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, எங்கம்மாகிட்ட இன்னும் சொல்லல.

நாள் குறிக்கும்போது காலண்டர் பாருங்க. மாசா மாசம் பௌர்ணமிக்கு போயா லீவு, ஆபீஸ் பேங்க் மூடியிருக்கும், சாராயம் விக்கக்கூடாது. புறக்கோட்டைல முஸ்லிம் வியாபாரிங்கள பாக்கணும்னா வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிடவே கூடாது, ஜும்மா நேரம். அவங்களோட போனா ஹலால் கடையான்னு பாத்துக்கோங்க.

இடம்னா கோட்டை ஏரியால, இப்ப ரெஸ்டாரண்டுங்க இருக்கிற பழைய டச்சு ஹாஸ்பிடல் கட்டடம் வசதி, சுத்தி ஆபீஸுங்க, நடந்தே வந்துடுவாங்க. அங்கயே கிரிக்கெட் மஹேலாவும் சங்கக்காரவும் பங்கு வச்சிருக்கிற மினிஸ்ட்ரி ஆஃப் கிராப்ங்கிற நண்டு ரெஸ்டாரண்ட் இருக்கு, ஆனா முதல் மீட்டிங்குக்கு வேணாம், ரெண்டு கையிலயும் நண்டு மசாலா, அக்ரிமென்ட்ட யார் தொடுறது?

மெனு விலைய பாத்து பட்ஜெட் போடாதீங்க. பெரிய இடங்கள்ல சர்வீஸ் சார்ஜ் 10%, அதுக்கு மேல 18% வாட் வரின்னு ஏறும். கூப்பிட்டது நீங்கன்னா பில்லும் நீங்கதான்.

அப்புறம் தட்டு வந்த உடனே ரேட்டு பேச ஆரம்பிக்காதீங்க, ஊரு, பிள்ளைங்க படிப்பு, மேட்ச்னு கொஞ்சம் ஓடட்டும், விஷயம் தானா வரும். பேசுறதுன்னதும் ஞாபகம் வருது, யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு 'பேசுறது'ன்னா திட்டுறதுன்னும் அர்த்தம். நான் ஒருத்தருக்கு "நாளைக்கு லஞ்ச்ல உங்கள பேசணும்"னு அவசரத்துல மெசேஜ் தட்டிட்டேன், மனுசன் உடனே போன் போட்டு "நான் என்ன பிழை விட்டனான்?"ங்கிறார். இப்பல்லாம் பேசலாம்ங்கிறதுக்கு "கதைப்பம்"னுதான் போடுறேன்.