மைனஸ் ஆக்சிலரேஷன்னா பிரேக்குன்னு யார் சொன்னது?

பதினொண்ணாவது பிசிக்ஸ்ல கைனமேடிக்ஸ், அதாவது பொருள் எப்படி நகருதுங்குற பாடம், தொடங்குன கொஞ்ச நாள்லயே பசங்க மண்டையில ஒரு ரூல் போய் ஒட்டிக்கும். ஆக்சிலரேஷன் (வெலாசிட்டி மாறுற வீதம்) பிளஸ்னா வண்டி வேகமெடுக்குது, மைனஸ்னா பிரேக் அடிக்குது. முதல் நாலு கணக்குக்கு ஆன்சரும் கரெக்டா வந்துடும், அதான் பிரச்சனையே, ஏன்னா அந்த நாலு கணக்குலயும் வண்டி பிளஸ் பக்கமாத்தான் போயிட்டிருக்கும். என்னைக்கு வண்டி திரும்பி வருதோ அன்னைக்கு இந்த ரூல் காலை வாரிடும்.

சென்னை சென்ட்ரல்ல இருந்து அரக்கோணம் போற லைனை எடுத்துக்கோங்க. தண்டவாளம் நேரா இருக்குன்னு வெச்சுக்குவோம். சென்ட்ரல்ல ஜீரோ, அரக்கோணம் பக்கம் பிளஸ், இது நாமளா எடுத்த முடிவு. அரக்கோணம் போற வண்டி திருவள்ளூரை நெருங்கும்போது வெலாசிட்டி, அதாவது திசையும் சேர்ந்த வேகம், +20 மீ/செ, அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர், அங்கிருந்து 40 செகண்ட்ல நிக்குது. கடைசி வெலாசிட்டில இருந்து முதல் வெலாசிட்டியைக் கழிச்சு டைமால வகுத்தா (0 − 20)/40 = −0.5 மீ/செ². மைனஸ், ஸ்லோ ஆகுது, ரூல் பாஸ். இப்ப எதிர்ப்பக்கம் சென்ட்ரலுக்கு வர்ற வண்டி, அதே ஸ்பீடு, அதே திருவள்ளூர், அதே 40 செகண்ட்ல நிக்குது. இதோட வெலாசிட்டி −20. கழிச்சுப் பாருங்க, (0 − (−20))/40 = +0.5. பிரேக் அடிச்சு நிக்கிற வண்டிக்கு ஆக்சிலரேஷன் பிளஸ்! அடுத்து அதே வண்டி சிக்னல் விழுந்து சென்ட்ரல் பக்கமா கிளம்பி 40 செகண்ட்ல பழைய ஸ்பீடை பிடிக்குதுன்னா 0ல இருந்து −20, ஆக்சிலரேஷன் −0.5, ஆனா வண்டி வேகமெடுத்துட்டிருக்கு.

ஆக, சைன் சொல்றது திசையை மட்டும்தான். வெலாசிட்டியோட சைன் வண்டி எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லும், ஆக்சிலரேஷனோட சைன் அந்த வெலாசிட்டி எந்தப் பக்கமா மாறிட்டிருக்குன்னு சொல்லும். ரெண்டும் ஒரே சைனா இருந்தா ஸ்பீடு கூடுது, வேற வேற சைனா இருந்தா குறையுது. ஒண்ணை மட்டும் பார்த்துட்டு வேகம் கூடுதா குறையுதான்னு யாராலயும் சொல்ல முடியாது. அரக்கோணத்துல ஜீரோ வெச்சு சென்ட்ரல் பக்கம் பிளஸ்னு மாத்திட்டா எல்லா சைனும் தலைகீழாயிடும், வண்டிக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது, அது பாட்டுக்குப் போகும்.

இதுலயே இன்னொரு வழுக்கல் இருக்கு. வெலாசிட்டி −10ல இருந்து −2க்கு வருதுன்னா கணக்குப்படி அது கூடியிருக்கு, ஏன்னா −10ஐ விட −2 பெருசு. ஆனா ஸ்பீடு 10ல இருந்து 2க்கு இறங்கியிருக்கு. "வெலாசிட்டி கூடுது", "ஸ்பீடு கூடுது" ரெண்டையும் ஒண்ணாப் பேசுறதாலதான் பாதி குழப்பம். கேள்வியில "ரிடார்டேஷன் 2 மீ/செ²"னு குடுத்தா கண்ணை மூடிட்டு −2 போடுறதும் இதே கேஸ்தான். ரிடார்டேஷன்னா போற திசைக்கு எதிர்ல இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், வண்டி மைனஸ் பக்கம் போயிட்டிருந்தா அங்க போட வேண்டியது +2.

கிராஃப்லயும் இதேதான். வெலாசிட்டி - டைம் கிராஃப்ல கோடு அச்சுக்குக் கீழ இருக்கான்னு பார்க்குறது வேற, அதோட சாய்வு மேல ஏறுதா இறங்குதான்னு பார்க்குறது வேற. கீழ இருந்து மேல ஏறி வர்ற கோட்டுக்கு ஆக்சிலரேஷன் பிளஸ், கோடு அச்சைத் தொடுற வரைக்கும் வண்டி ஸ்லோ ஆகுது, தாண்டுனதும் திரும்பி வேகமெடுக்குது. சாய்வு எங்கயும் மாறல, ஆக்சிலரேஷனும் மாறல.

அந்த அச்சைத் தொடுற புள்ளியில தான் அடுத்த பெரிய தப்பு. பந்தை நேரா மேல 19.6 மீ/செ வேகத்துல எறியுறோம், 2 செகண்ட்ல 19.6 மீட்டர் உயரத்துல போய் ஒரு நொடி நிக்குது. (நிஜமா ஒரு நொடி நிக்காது, ஒரு கணம்தான், பேச்சு வழக்குல வந்துடுச்சு.) அங்க ஆக்சிலரேஷன் எவ்ளோன்னு கேட்டா ஜீரோன்னுதான் நிறைய பேர் சொல்லுவாங்க, வெலாசிட்டி ஜீரோதானேன்னு. வெலாசிட்டியும் ஜீரோ ஆக்சிலரேஷனும் ஜீரோன்னா அந்தப் பந்து அங்கயே தொங்கிட்டு இருக்கணுமே, கீழ வரவே வராதே! மேல போகும்போது, உச்சியில, கீழ வரும்போது, மூணு இடத்துலயும் மேல் பக்கம் பிளஸ்னு வெச்சா ஆக்சிலரேஷன் −9.8 தான் (காத்தோட தடையை விட்டுடுறோம்). கையை விட்டதும் ஆரம்பிச்சு தரையில படுற வரைக்கும் அது மாறவே இல்ல, மாறுனது வெலாசிட்டி மட்டும்தான்.

ஜி, அதாவது பூமி இழுக்குறதால வர்ற அந்த 9.8, அது விஷயத்துல ஒரு சின்ன ஒழுக்கம் வேணும். ஜின்னா எப்பவும் +9.8, அது வெறும் அளவு. மைனஸை ஆக்சிலரேஷனுக்கு வைங்க, ஏ = −ஜி. சில பேர் ஜி = −9.8னு எழுதிட்டு, இடப்பெயர்ச்சி ஃபார்முலாவுல ஏற்கனவே −½ஜிடி² (டின்னா நேரம்) இருக்குறதையும் பார்க்காம உள்ள போட்டுடுவாங்க, ரெண்டு மைனஸ் சேர்ந்து பிளஸ் ஆகி பந்து வானத்தைப் பிச்சுக்கிட்டுப் போயிடும். இதுல போன் வேற சேர்ந்து குழப்பும். ஃபைஃபாக்ஸ் மாதிரி போன் சென்சார் அளவைக் காட்டுற ஆப்பைத் திறந்து, போனை ஸ்கிரீன் மேல இருக்குற மாதிரி மேசையில வெச்சு, ஜி சேர்த்து காட்டுற ஆக்சிலரேஷனைப் பார்த்தா கிட்டத்தட்ட +9.8 காட்டும். போன் நகரவே இல்ல, அதுவும் பிளஸ்! சென்சார் அளக்குறது போனோட அசல் ஆக்சிலரேஷனை இல்ல, மேசை மேல் பக்கமா தள்ளுறதைத்தான், அதனால கவலைப்படாதீங்க. கீழ விழுற போன்ல அது ஜீரோ பக்கம் காட்டும், ஆனா அதை டெஸ்ட் பண்ணணும்னா மெத்தை மேல பண்ணுங்க.

சரி, மார்க் நிறைய போற கணக்குக்கு வருவோம். 50 மீட்டர் மாடி, விளிம்புல நின்னு ஒரு கல்லை மேல் பக்கமா 15 மீ/செ வேகத்துல எறியுறோம், ஜியை 10னு வெச்சா தரையில விழ எவ்ளோ நேரம்? எறிஞ்ச இடம் ஜீரோ, மேல் பக்கம் பிளஸ். அப்படின்னா யூ (ஆரம்ப வெலாசிட்டி) = +15, ஏ (ஆக்சிலரேஷன்) = −10, எஸ் (இடப்பெயர்ச்சி) = −50. எஸ்ஸுக்கு மைனஸ் ஏன்னா கல்லு முடிக்கிற இடம் ஆரம்பிச்ச இடத்துக்கு 50 மீட்டர் கீழ. இடப்பெயர்ச்சிதான் கணக்கு, சுத்தி வந்த தூரம் இல்ல. எஸ் = யூடி + ½ஏடி²ல போட்டா −50 = 15டி − 5டி², சுருக்குனா டி² − 3டி − 10 = 0, டி = 5 இல்ல −2. ஆன்சர் 5 செகண்ட்.

இப்ப எஸ்ஸை +50னு போட்டுட்டீங்கன்னா ரூட்டுக்குள்ள நெகட்டிவ் வந்து கணக்கு முட்டிக்கிட்டு நிக்கும். கால்குலேட்டரைத் திட்டாதீங்க, அது நியாயமாத்தான் சொல்லுது. 15ல எறிஞ்ச கல்லு மாடிக்கு மேல 11.25 மீட்டர்தான் ஏறும், மேல 50 மீட்டருக்கு எப்பப் போகும்னு கேட்டா என்ன பண்ணும் பாவம். இந்தத் தப்பு பரவால்ல, தானே காட்டிக் குடுத்துடும்.

எல்லாத்தையும் பிளஸ்ஸா போடுறதுதான் ஆபத்து. 50 = 15டி + 5டி², டி = 2னு அழகா முழு எண்ணா வந்து நிக்கும், சந்தேகமே வராது. ஆனா அது வேற கேள்வியோட சரியான விடை, அதே கல்லை அதே வேகத்துல கீழ் பக்கமா எறிஞ்சா ஆகுற நேரம். தரையில படும்போது வெலாசிட்டி என்னன்னு பார்த்து சரிபார்க்கலாம்னாலும் மாட்டாது, மேல எறிஞ்சாலும் கீழ எறிஞ்சாலும் தரையில −35 தான் வரும். வி² = யூ² + 2ஏஎஸ் (வின்னா கடைசி வெலாசிட்டி) போட்டா 1225 வரும், ரூட் எடுத்தா ±35, அதுல −35ஐ எடுக்க வேண்டியது நீங்கதான், கல்லு கீழ வருதுங்குறதை ஃபார்முலா சொல்லாது.

அந்த −2ஐயும் குப்பைன்னு அடிச்சுடாம ஒருதடவை பாருங்க. கல்லை மாடியில இருந்து எறியாம, 2 செகண்ட் முன்னாடி தரையில இருந்தே +35 மீ/செல எறிஞ்சிருந்தா, டி = 0ல அது சரியா மாடி விளிம்பை +15ல தாண்டிப் போயிருக்கும். தரையில இருந்து தரைக்கு மொத்தம் 7 செகண்ட். 35ல மேல எறிஞ்சா திரும்பி வர்ற நேரம் 2 × 35/10, அதுவும் 7.