பஞ்சுருட்டான் வளைக்கு நேரே நிற்காதீர்கள்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பினாங்கின் பெருநிலப் பக்கம், பெனாகா மணல்வெளிகளில் நீலவால் பஞ்சுருட்டான் பறவைகள் முட்டையிடக் கூட்டமாக வளை தோண்டுகின்றன. புதிதாகக் கேமரா வாங்கி வருகிறவர்களும் வருடம் தவறாமல் அதே பிழைகளைச் செய்கிறார்கள். நாங்களும் ஒரு காலத்தில் செய்தவைதாம். சத்தம் போடக்கூடாது, வளைக்குள் கைவிடக்கூடாது என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும்.

கொத்தாத பறவைக்குப் பயமில்லை என்று நினைப்பது

குஞ்சுகளைப் பட்டினி போடும் பிழை இதுதான். ஆலா என்னும் கடற்பறவைகள் கூட்டமாக முட்டையிடும் பாறைத்தீவில் கால் வைத்தால் தலைக்கு மேல் பாய்ந்து விரட்டும். பஞ்சுருட்டான் விரட்டாது, ஒளிக்கும். வளை சாய்வாக ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே போகும், கடைக்கோடி அறையில்தான் முட்டைகள் இருக்கும். எந்த வளை தன்னுடையது என்பதைப் பகைக்குக் காட்டாமல் இருப்பதே தாயும் தகப்பனும் செய்யும் காவல்.

இந்தியாவில் மிலிந்த் வாத்வேயும் உடன் ஆய்வாளர்களும் பச்சைப் பஞ்சுருட்டானிடம் இதைச் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். ஆள் நிற்கும் இடத்திலிருந்து வளை தெரிந்தால் பறவை உள்ளே போகத் தயங்கியது. அதே அளவு தூரத்தில், ஆனால் வளை கண்ணில் படாத இடத்தில் ஆள் நின்றபோது அதிகமாக உள்ளே போனது. ஆக, தூரம் மட்டும் போதாது. உங்கள் பார்வை எங்கே விழுகிறது என்பதும் கணக்கு.

தும்பியைக் கவ்வியபடி கம்பியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கும் பறவையை, "நமக்காகவே போஸ் கொடுக்குது" என்று மகிழ்கிறார்களே, அதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. அது போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. படமெடுப்பவர்களில் ஒருவர் எழ இன்னொருவர் வந்து உட்கார்ந்தால், அந்த வளைக்குக் காலை முழுக்க இரை கிடையாது.

வளை வாய் தெரியாத பக்கவாட்டில், குறைந்தது 30 மீட்டர் தள்ளி உட்காருங்கள். காரை விட்டு இறங்காமல் எடுப்பது இன்னும் நல்லது. வளையை விடுங்கள், பறவை வந்து அமரும் குச்சியைக் குறிவையுங்கள். இரையோடு வந்த பறவை ஐந்து நிமிடத்தில் உள்ளே நுழையாவிட்டால், அது நுழையும்வரை பின்வாங்குங்கள்.

கூட்டமாக எழும்போது படமெடுக்க ஓடுவது

முதலில் வானத்தைப் பாருங்கள், வல்லூறு இருக்கலாம். பிறகு தரையில் நாய், உடும்பு. பல கண்கள் சேர்ந்து காவல் காப்பதுதான் கூட்டமாக வாழ்வதன் பலன். ஒன்று எச்சரித்தால் எல்லாம் எழும். வேறெதுவும் தென்படாவிட்டால் எழுப்பியது நீங்கள்தான். அவை மறுபடி அமரும்வரை அசையாமல் இருந்து, பிறகு விலகுங்கள்.

மணல்மேட்டின் மேல் நடப்பது

கூரை சரியும். வளைக்கு வாசல் ஒன்றுதான்.

போனில் பறவைக் குரல் போட்டு அழைப்பது

வேண்டாம்.

நாய்க்குச் சோறு வைப்பது

மிச்ச நாசி லெமாக்கை இரக்கப்பட்டுத்தான் வைக்கிறார்கள். நாய் மறுநாளும் வரும். மணலை மோப்பம் பிடித்துத் தோண்டும். பொட்டலத்தைக் காரிலேயே கட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.