கட்டளையை நிறுத்தும் சாவி அட்மின் கையிலும் இருக்கட்டும்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு ஒரு டெலிகிராம் குரூப் இருக்கிறது. அதில் ஓடும் பாட், அதாவது கேட்டதற்குத் தானாகப் பதில் சொல்லும் நிரல், நான் பைத்தான் மொழியில் எழுதியது. நான்கு கட்டளைகள்தான். ‘மேட்டூர்’ என்றால் அன்றைய அணை நீர்மட்டம். ‘முறை’ என்றால் இந்த வாரம் தண்ணீர் எந்தக் கிளை வாய்க்காலுக்கு என்ற விவரம். ‘மழை’ உங்களுக்கே புரியும். ‘கொள்முதல்’ என்றால் சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த நேரடி நெல் கொள்முதல் நிலையம் அன்றைக்கு நெல் எடுக்கிறது என்ற பட்டியல். டெலிகிராமில் கட்டளையின் பெயரைச் சின்ன ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றால்தான் எழுத முடியும், அதுவும் 32 எழுத்துக்குள். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஒரு தை மாதம், சம்பா அறுப்பு நேரம். நான் மன்னை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்று விடியும் முன்பே ஒரு நிலையத்தில் சாக்கு தீர்ந்து, நெல் எடுப்பது நின்றுவிட்டது. பட்டியலிலோ அந்த நிலையம் திறந்தே இருந்தது. எங்கள் அட்மின்களில் ஒருவரான அக்கா அங்கேதான் நின்றிருந்தார். “இங்க வராதீங்க” என்று குரூப்பில் எழுதினார். பத்து நிமிடத்தில் அந்தச் செய்தி மேலே போய்விட்டது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் பாட் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று டிராக்டர் நெல் வந்து தூறலில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். காயவைத்துக் கொண்டுவந்த நெல்லை அவர்கள் மறுபடி களத்தில் கொட்டிக் காயவைத்தார்கள்.

“தம்பி, முதல்ல அந்த பாட்டை வாய மூடச் சொல்லு” என்று அக்கா போன் செய்தபோது நான் எழும்பூரில் இறங்கிக்கொண்டிருந்தேன். பாட் ஓடும் லேப்டாப் ஊரில், வீட்டு மேசையில் இருந்தது. தப்பை நேரில் பார்த்தவரிடம் அதை நிறுத்த வழியில்லை. வழி தெரிந்த நான் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அந்த வாரமே உட்கார்ந்து, அட்மின்களே ‘நிறுத்து’, ‘திற’ என்று அனுப்பி எந்தக் கட்டளையையும் நிறுத்தவும் திறக்கவும் வசதி செய்து கொடுத்தேன். செய்த விதத்தைச் சொல்கிறேன்.

முதல் வேலை, எது நின்றிருக்கிறது என்பதை எழுதிவைக்க ஓர் இடம். நான் முதலில் அதைப் பாட்டின் நினைவில் மட்டும் வைத்தேன். மழையில் கரண்ட் போய், லேப்டாப் அணைந்து, மறுபடி பாட் எழுந்தபோது நிறுத்திவைத்த கட்டளைகள் எல்லாம் தானாகத் திறந்துகொண்டன. அதனால் ஆரம்பத்திலேயே எஸ்கியூலைட்டில் (ஒரே கோப்பில் இருக்கும் சின்ன தரவுத்தளம்) ஒரு சின்ன அட்டவணை போடுங்கள்: குரூப் எண் (டெலிகிராம் ஒவ்வொரு குரூப்புக்கும் தரும் எண்), கட்டளை, நிலை, மாற்றியவர், நேரம், காரணம். ஒரு வரியை அடையாளம் காட்டும் சாவி, குரூப் எண்ணும் கட்டளையும் சேர்ந்ததுதான். ஒரு கட்டளைக்கு வரியே இல்லையென்றால் அது திறந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். ‘காரணம்’ பகுதியை விட்டுவிடாதீர்கள். அதன் பயன் கீழே வருகிறது. இன்னொன்று, சாதாரண குரூப், டெலிகிராமின் பெரிய குரூப் வகையான சூப்பர்குரூப்பாக மாறினால் குரூப் எண்ணே மாறிவிடும். அப்போது புதிய எண்ணைச் சொல்லி ஒரு செய்தி வரும். அதைப் பிடித்து அட்டவணையிலும் எண்ணை மாற்றிவிடுங்கள்.

அடுத்து, கேட்பவர் அட்மின்தானா என்று பார்ப்பது. நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். ஒரு குரூப்பில் ஒருவருடைய நிலை என்ன என்று கேட்க டெலிகிராமில் ‘கெட் சாட் மெம்பர்’ என்று பாட் அனுப்பும் ஒரு கேள்வி உண்டு. ‘கிரியேட்டர்’ (குரூப் உரிமையாளர்) என்றோ ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்றோ பதில் வந்தால் விடலாம். ஆனால் பாட்டும் அந்தக் குரூப்பில் அட்மினாக இருந்தால்தான் மற்றவர்களைப் பற்றிய பதிலை நம்பமுடியும். எனவே பாட்டை அட்மின் ஆக்குங்கள், தேவையில்லாத உரிமைகளை எடுத்துவிடுங்கள்.

எல்லா அட்மினுக்கும் வேண்டாம், செய்தியை அழிக்கும் உரிமை உள்ளவருக்கு மட்டும் போதும் என்று நினைத்தால் அந்த உரிமையையும் சேர்த்துப் பார்க்கலாம். நான் அப்படிச் செய்த அன்று குரூப்பை ஆரம்பித்த பெரியப்பாவையே பாட் வெளியே நிறுத்திவிட்டது. காரணம், குரூப் உரிமையாளருக்கு வரும் பதிலில் அந்த உரிமைகளின் பட்டியலே இருக்காது. அவருக்கு எல்லாம் உண்டு என்பதால் தனியாகச் சொல்வதில்லை. ஆகவே உரிமையாளரா என்று முதலில் பாருங்கள், உரிமையைப் பிறகு பாருங்கள். பெயரை மறைத்து எழுதும் அட்மின்களும் உண்டு. அவர்கள் எழுதுவது குரூப்பே எழுதியதுபோல வரும். அனுப்பிய சாட்டின் எண்ணும் குரூப் எண்ணும் ஒன்றாக இருந்தால் அவரும் அட்மின்தான்.

இனி, தடுக்கும் இடம். ஒவ்வொரு கட்டளையின் உள்ளேயும் ‘இது நின்றிருக்கிறதா’ என்று எழுதத் தொடங்காதீர்கள். ஐந்தாவது கட்டளை சேர்க்கும்போது மறந்துபோகும். எங்கள் ஆற்றில் தலைப்பில் ஒரு ஷட்டர் இருக்கிறது, அதைக் கடந்துதான் எந்தக் கிளைக்கும் தண்ணீர் போகும். அதேபோல எல்லாக் கட்டளைகளுக்கும் முன்னால் ஒரே ஒரு சோதனை வையுங்கள். பைத்தான் டெலிகிராம் பாட் என்ற ஆயத்த நிரல் நூலகத்தில், வரும் செய்தியை வாங்கி வேலை செய்யும் பகுதிகளான கையாளிகளை எண் போட்ட குழுக்களாக அடுக்கலாம். வழக்கமானவை 0-இல் இருக்கும், சோதனையை -1-இல் வைத்தால் அது முதலில் ஓடும். கட்டளை நின்றிருந்தால் அங்கேயே ‘அப்ளிகேஷன் ஹேண்ட்லர் ஸ்டாப்’ என்ற நிறுத்தும் சமிக்ஞையை எழுப்பினால் போதும், அதற்கு மேல் எதுவும் நகராது.

சோதிக்கும் முன் பெயரைச் சுத்தம் செய்யுங்கள். குரூப்பில் சிலர் மெனுவைத் தொட்டு அனுப்பும்போது கட்டளைக்குப் பின்னால் பாட்டின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டாவிட்டால் நிறுத்திய கட்டளை பின்வாசல் வழியாக வேலை செய்யும். ஒரே வேலைக்கு இரண்டு பெயர் வைத்திருந்தால் இரண்டையும் ஒரு பெயருக்குக் கொண்டுவந்த பிறகு பாருங்கள். அப்புறம், ‘நிறுத்து’, ‘திற’, ‘உதவி’ ஆகிய மூன்றையும் யாராலும் நிறுத்த முடியாதபடி செய்யுங்கள். ‘திற’ என்பதையே ஒருவர் நிறுத்திவிட்டால் மறுபடி லேப்டாப்புக்குத்தான் ஓடவேண்டும்.

எங்கள் அட்மின்களில் இரண்டு பேருக்கு ஆங்கிலத்தில் தட்டுவது சிரமம். அவர்களுக்காகத் தமிழில் பொத்தான் வைத்தேன். இதில் இரண்டு விஷயம். பொத்தானுக்குப் பின்னால் வைக்கும் தகவல் 64 பைட்டுக்குள் இருக்கவேண்டும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும், ‘மேட்டூர்’ என்ற ஒரு சொல்லே 24. ‘கொள்முதல் நிறுத்து’ என்று எழுதிக் குரூப் எண்ணையும் சேர்த்தால் 64-ஐத் தாண்டிவிடும். தமிழ், பொத்தானின் முகத்தில் இருக்கட்டும். பின்னால் சின்ன எண் போதும். இரண்டாவது, குரூப்பில் வந்த பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். அதை வரவழைத்தவர் அட்மின் என்பதால் அழுத்துகிறவரும் அட்மின் ஆகிவிடமாட்டார். அழுத்தியவரின் எண்ணை வைத்து மறுபடி கேளுங்கள்.

நின்ற கட்டளையை யாராவது கேட்டால் பாட் சும்மா இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாட் பேசாமல் இருந்தால் நெட் இல்லை என்று நினைத்து, பழைய பதிலைத் தேடி மேலே போவார்கள். ‘கொள்முதல் பட்டியல் காலை 6.10 முதல் நிறுத்தப்பட்டுள்ளது. காரணம்: சாக்கு இல்லை’ என்று அது சொல்லவேண்டும். அதற்குத்தான் அந்தக் காரணப் பகுதி. ஒரு குரூப்புக்கு நிமிடத்துக்கு 20 செய்திக்கு மேல் பாட்டால் அனுப்ப முடியாது என்பதால், அறுப்பு நாளில் இதே பதிலை எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும்.

நிறுத்த ஒரு அட்மின் போதும், யாரையும் கேட்க வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். திறக்கும்போது மட்டும் ‘பட்டியல் சரியா, நீங்கள் பார்த்தீர்களா’ என்று பாட் ஒருமுறை கேட்கும். தானாகத் திறக்கும் நேரக்கணக்கும் வைக்கவில்லை. மாலை வந்துவிட்டது என்பதற்காகச் சாக்கு வந்துவிடாது.

எல்லாம் முடிந்ததும் அட்மின் அல்லாத ஒருவரின் போனில் சோதியுங்கள். நான் தங்கையின் போனை வாங்கினேன். ‘நிறுத்து’ என்று அனுப்பினேன், மறுத்தது. என் போனில் பொத்தானை வரவழைத்து அவள் போனிலிருந்து அழுத்தினேன், மறுத்தது. பிறகு என் போனிலிருந்து ‘கொள்முதல்’ கட்டளையை நிறுத்திவிட்டு, லேப்டாப்பை அணைத்துப் போட்டு மறுபடி கேட்டேன். நின்றே இருந்தது. அன்றிரவே அக்காவுக்கு எப்படிச் செய்வது என்று காட்டிக்கொடுத்தேன்.