ஊரில் நிற்கும் பழைய டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் காற்றைத் தேடுங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, மாமா வீட்டில் ஒரு பழைய டீசல் வான் சும்மாதானே நிற்கிறது, அதையே எடுத்து ஓட்டிக்கொள்ளலாமே என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. மூன்று வார விடுமுறையில் ஐந்து நாளை அந்த வானின் முன்சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, அதன் அடியில் இருக்கும் இன்ஜினைக் குனிந்து பார்த்தபடி கழித்தேன்.

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் அரை நிமிடம் சுற்றும், பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரம் நொண்டும், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். நான்காம் நாள் அதுவும் இல்லை. முதலில் வந்த மெக்கானிக் எதையும் தொடாமலே, டீசல் பம்ப் போய்விட்டது, கழற்றிச் சரிபார்க்க அனுப்ப வேண்டும் என்றார். இரண்டாவதாக வந்த பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பில்டர் எப்ப மாத்துனீங்க தம்பி?" போன மாதம்தான் என்றார் மாமா. பெரியவர் டீசலை வடிகட்டும் அந்த பில்டரைக் கழற்றி, அது போய் உட்காரும் மேல்மூடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். பழைய பில்டரின் ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது, புது வளையம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நகத்தால் பிய்த்தெடுத்து என் கையில் போட்டார், கறுத்து இறுகிப்போய் வளையல் மாதிரி இருந்தது. இரண்டு ரப்பருக்கு நடுவே இருந்த மயிரிழை இடைவெளியில்தான் காற்று புகுந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து என் கட்சி இதுதான்: பழைய டீசல் வண்டியில் டீசல் வரவில்லை என்றால் முதலில் காற்று, அடுத்தது அடைப்பு, அப்புறம் தண்ணீர், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பம்ப். இந்த வரிசையை மாற்றிப் போகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஏன் காற்று இவ்வளவு பெரிய விஷயம்? டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கிச் சூடாக்கி, அதற்குள் டீசலை மிகுந்த அழுத்தத்தில் நாசில் வழியாகப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். பழைய மெக்கானிக்கல் வண்டிகளின் நாசில் திறக்கவே ஏறத்தாழ 120 முதல் 200 பார் வரை அழுத்தம் வேண்டும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). திரவம் அழுத்தினாலும் சுருங்காது, அதனால் பம்ப் தள்ளினால் அந்த அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். காற்று சுருங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தால் பம்ப் தள்ளுவதெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும், நாசில் திறக்காது. வெளிநாட்டில் நாம் ஓட்டும் புது வண்டிகளில் டீசல் தீர்ந்தால் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் போதும், பலவற்றில் காற்றை வண்டியே வெளியேற்றிக்கொள்ளும். பழைய டீசலில் அந்த வேலை நம் கையில். அதனால் கேஜ் முள்ளை நம்பி டேங்க்கைக் காயவிடாதீர்கள். அந்த முள் பத்து வருடமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கக்கூடும்.

சரி, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சரைப் பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, சரியாக எரியவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் உள்ளே சூடேற்றுவது), கம்ப்ரஷன் (இன்ஜின் காற்றை நெருக்கும் பலம்), பேட்டரி பலம் என்று அந்தப் பக்கம் போங்கள், அல்லது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறது என்று வையுங்கள் (எங்கள் வான் அப்படித்தான் இருந்தது). புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவே இல்லை. ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம், நடுவில் அரை நிமிடமாவது விடுங்கள், இல்லாவிட்டால் டீசல் கோளாறோடு செல்ஃப் மோட்டாரையும் கருக்கிவிடுவீர்கள். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கிறேன் என்று யாராவது வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது நேரம் தப்பி வெடித்து பிஸ்டனையே உடைக்கலாம்.

புகையே இல்லையென்றால் ஸ்பானரைத் தேடும் முன் ஒரு நிமிட வேலை ஒன்று இருக்கிறது. பல பம்ப்களின் மேல் ஒற்றை ஒயர் போகும் ஒரு சின்ன உருளை இருக்கும், அதுதான் ஸ்டாப் சொலினாய்டு, பம்ப்புக்குள் டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு. சாவியைப் போட்டதும் அது "டக்" என்று சத்தம் போட வேண்டும். சத்தம் இல்லை என்றால் அந்த ஒயர் கழன்றிருக்கிறதா, பச்சை பிடித்திருக்கிறதா, பியூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள். கேபிளை இழுத்து இன்ஜினை நிறுத்தும் பழைய மாடல் என்றால் அந்த லீவர் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகவே ஆகாது.

காற்றைத் தேடும் நீண்ட வேலைக்கு முன், ஒரு பாட்டிலில் பார்த்துவிடக்கூடிய தண்ணீரை முடித்துவிடலாம். மாதக்கணக்கில் பாதி டேங்க்கோடு நின்ற வண்டியில், டேங்க்கின் காலி இடத்தில் இருக்கும் காற்றின் ஈரம் உள்சுவரில் வியர்த்து அடியில் போய்ச் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரும்பாசி மாதிரி வழவழவென்று ஒன்று உருவாகி பில்டரை அடைக்கும். பில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அரை மணி நேரம் ஆடாமல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும்.

இப்போது காற்று. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பல வான்களில் டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சுவது இன்ஜெக்‌ஷன் பம்ப்தான் (இதுவரை பம்ப் என்று சொல்லிவந்தது இதைத்தான்), நடுவில் தானாக ஓடும் வேறு பம்ப் கிடையாது. அதாவது டேங்க்கிலிருந்து பம்ப் வரையுள்ள குழாய் முழுக்க உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கீழே ஒரு சொட்டுக்கூட இல்லையே, லீக் எப்படி இருக்கும் என்று நாம் ஏமாறுவது இங்கேதான். வண்டி நின்ற பிறகு அதே ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, குழாயில் உள்ள டீசல் மெல்ல டேங்க்குக்கே இறங்கிவிடும். காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, பகலில் பிரச்சினை இல்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கண்டுபிடிக்க எளிய வழி, பம்ப்புக்குள் டீசல் போகும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடிக் குழாய் மாட்டுவது. பிளாஸ்டிக்தான், உள்ளே தெரியும் குழாய் என்பதால் அப்படிச் சொல்கிறோம். இன்ஜின் ஓடும்போது அதில் குமிழிகள் சரம் சரமாகப் போவது தெரிந்தால் காற்று புகுவது உறுதி. அந்தக் குழாயை அப்படியே ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே டேங்க் பக்கம் போனால், எந்த இடத்துக்குப் பின்னால் குமிழி இல்லையோ அதற்கு முன்னால்தான் ஓட்டை. வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பில்டரின் ரப்பர் வளையம், பல தடவை போட்டுக் கழற்றிய செம்பு வாஷர், கைப்பம்ப்பின் (டீசலைக் கையால் அமுக்கி ஏற்றும் சின்னப் பம்ப்) உள்ளே கிழிந்த ரப்பர், எல்லாம் வழக்கமான ஆட்கள்தான். மாற்றப் புது வாஷர் இல்லையென்றால் பழையதைச் சிவக்கச் சுட்டு ஆறவிட்டு, கரியைத் துடைத்துவிட்டுப் போடலாம், செம்பு திரும்ப இளகிவிடும்.

ரிட்டர்ன் பக்கத்தை மறந்துவிட வேண்டாம். நாசில்களின் தலையிலிருந்து மிச்ச டீசலைத் திருப்பி எடுத்துப் போகும் சன்னக் குழாய்கள் இருக்கும். பல வண்டிகளில் கடைசி நாசிலில் மூக்குத்தி அளவுக்கு ஒரு ரப்பர் மூடி இருக்கும். அது வெடித்தாலோ விழுந்தாலோ அங்கே ஈரம் கசிந்து தூசி ஒட்டியிருக்கும், வண்டி நின்ற பிறகு காற்று அந்த வழியாகவும் உள்ளே போகும்.

ஓட்டையை அடைத்தாயிற்று, இனி உள்ளே இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். முதலில் ஒரு எச்சரிக்கை. இன்ஜின் தலையோடு ஒரு தடித்த குழாய் படுத்திருந்து, அதிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் கிளை பிரிந்து, நாசில் மேல் மின் இணைப்பும் இருந்தால் அது காமன் ரெயில் வண்டி. அதன் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், அங்கே எந்த நட்டையும் தளர்த்தாதீர்கள். கீழே சொல்வதெல்லாம், பம்ப்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனி இரும்புக் குழாய் நேராகப் போகும் பழைய மெக்கானிக்கல் வண்டிக்கு மட்டும்தான்.

பில்டர் தலையில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அமுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழியும் டீசலும் கலந்து, அப்புறம் சுத்தமான டீசல். அதே நேரத்தில் கைக்கடியில் பம்ப் கல்லு மாதிரி இறுகும். திருகை மூடுங்கள். பம்ப்பிலும் தனித் திருகு இருந்தால் அங்கும் இதையே செய்யுங்கள். பிறகு நாசில்களுக்குப் போகும் நட்டுகளை (பெரும்பாலும் 17-ஆம் நம்பர் ஸ்பானர்) அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நட்டைச் சுற்றி டீசல் துடித்துத் துடித்து வரத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். இரண்டு, மூன்று இறுகும்போதே வண்டி இருமிக்கொண்டு பிடித்துவிடும், அதனால் பெல்ட், ஃபேன் பக்கம் கையோ துணியோ இருக்கக் கூடாது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், டீசல் வரும் இடத்தை விரலால் பொத்திப் பார்க்காதீர்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் போகும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட அதிகம் இருக்காது. அப்படி நடந்தால் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு தோலுக்குள் போயிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். உடனே அறுவை செய்ய வேண்டி வரலாம்.

நன்றாக ஸ்டார்ட் ஆகி, இருபது நிமிடம் ஓடி, மூச்சு முட்டியது போல நிற்கிறது, கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஓடுகிறது என்றால் அது வேறு கதை. டேங்க் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்க் மூச்சு விடும் வழி அடைத்திருக்கிறது. பழைய மூடி தொலைந்து, அளவு சரியாக இருக்கிறதே என்று துளையில்லாத வேறு மூடி போட்டிருப்பார்கள். இழுக்கவில்லை என்றால் டேங்க்குக்குள் இருக்கும் சல்லடையில் பாசியோ துருவோ அடைத்திருக்கும். மேட்டில் ஏறும்போது மட்டும் இழுவை குறைவதற்கும் இதுவோ பில்டரோதான் காரணமாக இருக்கும். கரும்புகை கக்கினால் டீசல் பற்றாக்குறை இல்லை, ஏர் பில்டரைப் பாருங்கள்.

எதுவும் பிடிபடவில்லையா? சேலைன் ஏற்றுவது போலச் செய்யுங்கள். சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனை பம்ப்பை விட உயரத்தில் கட்டி, பம்ப்புக்குப் போகும் குழாயையும் ரிட்டர்ன் குழாயையும் அதிலேயே விட்டு, காற்று எடுத்து, வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓட்டிப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் பம்ப் மேல் குற்றம் இல்லை. இந்தச் சோதனைக்குப் பிறகும் நொண்டினால் மட்டும், பம்ப்பைக் கழற்றுகிறேன் என்பவரிடம் தலையாட்டுங்கள். அதற்கு முன் இன்ஜின் ஆயில் குச்சியை இழுத்து மோந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால் ஃபீட் பம்ப்பின் (சில வண்டிகளில் டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் தனிப் பம்ப்) ரப்பரோ பம்ப் சீலோ கிழிந்து டீசல் ஆயிலில் கலக்கிறது, அதைச் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

டிக்கெட் போட்டதும் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பம்ப்பின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டையும் பில்டர் நம்பரையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புது பில்டர், செம்பு வாஷர், கிளிப், ஒரு மீட்டர் கண்ணாடிக் குழாய், இவை பெட்டியில் இடமே பிடிக்காது. ஸ்பிரே டப்பாக்களை வைக்காதீர்கள், தீப்பிடிக்கும் பொருள் என்று விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். திரும்பும்போது பழைய பம்ப்பையோ நாசிலையோ அங்கே சரிசெய்யலாம் என்று துணியில் சுற்றி எடுத்து வருவதும் நடக்காது, டீசல் மிச்சமோ வாடையோ இருக்கும் உதிரிப்பாகத்தை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். கிளம்பும் முந்தைய நாள் டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்பிவிட்டு, பில்டர் மாற்றிய தேதியை அதன்மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். பழைய ரப்பர் வளையத்தை எடுத்தாயிற்று என்றும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், மாமா மறந்துவிடுவார்.