கிரீன் சர்க்கிளில் பஸ் நிற்கும் நேரத்துக்கு ஒரு பயிற்சி

மைத்ரி தியானத்துக்கென்று (எல்லோரும் நலமாக இருக்கட்டும் என்று மனசார நினைக்கும் பௌத்தப் பயிற்சி) தனியாக அரை மணி நேரம் தேட வேண்டாம். வேலூரில் காட்பாடி போகும் டவுன் பஸ், கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்கிற சில நிமிடங்கள் போதும். முதலில் "எரிச்சல் வருகிறது" என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு மூன்று மூச்சைக் கவனியுங்கள். அப்புறம், பக்கத்தில் நிற்கும் பெயர் தெரியாத ஒருவரை நினைத்து, "இவர் நலமாக இருக்கட்டும்".

எரிச்சல் கிளம்பித் தானே அடங்குவதைப் பார்க்கும்போது நிலையாமை புரிகிறது, ஞானம் வளர்வது அப்படித்தான். மைத்ரிக்கு 5ஆம் நூற்றாண்டில் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் ஒரு வரிசை சொல்லியிருக்கிறார்: முதலில் தான், பிறகு அன்புக்குரியவர், அடுத்து விருப்பும் வெறுப்பும் இல்லாதவர், கடைசியில் பகைவர். அந்த மூன்றாவது ஆளை வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பிடிப்பது கஷ்டம். பஸ்ஸிலோ பஞ்சமே இல்லை (அதுவும் சித்திரை வெயிலில்!).

வண்டி ஓட்டுபவர்களுக்கு இது சரிவராது. சில்லறைக்காக இப்போதுதான் கண்டக்டரோடு சண்டை போட்டிருந்தால் அவரிடமிருந்து தொடங்காதீர்கள், கோபம்தான் கிளறும். அன்றைக்கு உங்கள் நலனை மட்டும் நினைத்து நிறுத்திக்கொள்ளலாம். கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் கண்ணை மூடாமல் சீட்டைக் கொடுத்துவிடுங்கள்.