பிரிட்ஜில் தூங்கிய பொட்டாசியம்

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அம்மா. ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6.4 என்று தடித்த எழுத்தில் இருந்தது. இதயத் துடிப்பையே தாறுமாறாக்கக்கூடிய அளவு. பதறியடித்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கி வந்திருந்தார். உடனே எடுத்த ஈசிஜி இயல்பு, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினினும் சரி.

"ரத்தம் எப்பம்மா எடுத்தாங்க?"

"நேத்து சாயங்காலங்க. ராத்திரி பிரிட்ஜுல வெச்சுட்டு, காலையில பஸ்ஸுல கீழ அனுப்பிச்சாங்க."

கோளாறு அங்கேதான். உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் பெரும்பங்கு செல்களுக்குள் இருக்கிறது. அதை உள்ளே பிடித்து வைக்கும் பம்ப் குளிரில் சோர்ந்துவிடும். சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, பிரிக்காமல் முழு ரத்தமாக வைத்தால் பொட்டாசியம் வெளியே கசியும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிச் சிவப்பணு உடைந்தால் இன்னும் ஏறும். புதிதாக எடுத்ததில் 4.3 தான். அதற்காக, 6.4 வந்ததும் 'சாம்பிள் கோளாறு' என்று ஒதுக்குவது இதைவிடப் பெரிய தவறு. முதலில் ஈசிஜி, கையோடு மறு சாம்பிள்.

பிரிக்காத டியூபை வெளியிலேயே வைத்திருந்தால் சுகர் குறைத்துக் காட்டும். ரத்த அணுக்கள் அதைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் குறைத்தால் என்ன ஆகும்?

'மூணு மாச சுகர்' (HbA1c) பார்க்கும்போது பக்கத்தில் ஹீமோகுளோபினையும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அந்தச் சுகர் அளவு பொய்யாகக் கூடலாம், சிவப்பணு சீக்கிரம் அழிந்தால் பொய்யாகக் குறையும். இன்னொன்று, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கேயே வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக இருக்கும். எல்லைக்கோட்டில் நிற்கும் ஹீமோகுளோபின் 12, மலைமேல் சோகையாகவும் இருக்கலாம்.

பிரஷர் பார்ப்பதில் நடக்கும் கூத்து தனி. மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்னே, பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தால் 150 வராமல் என்ன செய்யும்? ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பிறகு இரண்டு முறை பாருங்கள்.

கொழுப்பு ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு வகை 400-ஐத் தாண்டினால், பழைய சூத்திரத்தில் கணக்கிட்ட எல்டிஎல்லை ('கெட்ட கொழுப்பு') நம்ப வேண்டாம்.

மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் டெஸ்டை மட்டும் நம்பினால், அது பொய்யான தைரியம் கொடுக்கும். இதய ரத்தக்குழாயில் அடைப்பு வந்தபின் ட்ரோபோனின் ரத்தத்தில் தெளிவாக ஏறச் சில மணி நேரம் ஆகலாம். நெஞ்சுவலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் எடுத்தது நார்மல் என்று ஆளை மலைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். உட்கார வைத்து, ஈசிஜியோடு சேர்த்து மறுபடி எடுங்கள். கடைசி பஸ் போனால் போகட்டும்.