இரண்டே கார்ட்தானே! கன்ட்ரி பாட்டுக்கு பேஸ் வாசிக்கும்போது வரும் தவறுகள்

ஹேங்க் வில்லியம்ஸ் 1952இல் வெளியிட்ட ‘ஜம்பாலயா’ பாட்டு முழுக்க இரண்டே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில நோட்டுகள்). 1958இல் கிங்ஸ்டன் ட்ரையோ பாடிய ‘டாம் டூலி’யும் அப்படித்தான். புதிதாக பேஸ் கிட்டார் கற்பவர்கள் இப்படிப்பட்ட ஃபோக், கன்ட்ரி பாட்டுகளில் தொடங்குவது நல்லதுதான். ஆனால் நோட் குறைவாக உள்ள பாட்டில் பிசகு பளிச்சென்று வெளியே தெரியும். பெரும்பாலான பிசகுகள், ‘இவ்வளவு சுலபமா? இன்னும் கொஞ்சம் சேர்ப்போமே’ என்ற எண்ணத்திலிருந்து வருபவை.

அதில் முதலாவது, நாலு பீட்டையும் நிரப்புவது. கன்ட்ரி தாளத்தில் முதல் பீட்டும் மூன்றாவது பீட்டும் பேஸுக்கு. இரண்டும் நான்கும் கிட்டார் ஸ்ட்ரம்முக்கும் ஸ்னேர் டிரம்முக்கும். ‘பூம்-சிக், பூம்-சிக்’ என்று கேட்கிறதே, அதில் ‘பூம்’ மட்டும்தான் நம் வேலை. முதல் பீட்டில் கார்டின் ரூட் (கார்டுக்குப் பெயர் தரும் நோட்), மூன்றாவதில் அதன் ஃபிஃப்த் (ரூட்டிலிருந்து எண்ணினால் ஐந்தாவது சுரம்). சி கார்ட் என்றால் ஏ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள்தான் ஃபிரெட்) சி. அதே மூன்றாவது ஃபிரெட்டில், அடுத்த தடித்த கம்பியில் ஜி. விரல் பக்கவாட்டில் நகரவே வேண்டாம். மைனர் கார்டுக்கும் இதே இடம்தான்.

நோட்டைச் சரியான இடத்தில் தொடங்கினால் மட்டும் போதாது, சரியான இடத்தில் நிறுத்தவும் வேண்டும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. முதல் பீட்டில் அடித்த நோட் மூன்றாவது வரை இழுத்துக்கொண்டே போனால், ‘சிக்’ விழ வேண்டிய இடம் சேறாகிவிடும். ஸ்னேர் விழும்போது இடது கை விரலைக் கம்பியிலிருந்து லேசாகத் தளர்த்துங்கள், முழுக்க எடுக்க வேண்டாம். திறந்த கம்பி என்றால் மற்ற விரல்களை அதன்மேல் சும்மா படுக்க வையுங்கள். பழைய ஃபெண்டர் பேஸ்களில் கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் (பிரிட்ஜ்) மூடிக்கு அடியில் கம்பியை அமுக்க ஒரு பஞ்சுத் துண்டே வைத்திருந்தார்கள். இப்போதும் ஒரு சின்ன ஃபோம் துண்டைச் செருகினால் அந்தக் கட்டையான ஒலி வரும்.

கார்ட் மாறும் இடத்தில் இன்னொரு சிக்கல். ரூட், ஃபிஃப்த் என்று கை பழகிவிட்டால், புதிய கார்டின் முதல் பீட்டிலும் பழக்கத்தில் ஃபிஃப்த் விழுந்துவிடும். பாடுகிறவர் அந்த நொடியில் தடுமாறுவார். கார்ட் எப்போது மாறினாலும் முதலில் ரூட்தான்.

இந்த இடங்களில்தான் ‘வாக்-அப்’ ஆசை வரும். ஜியிலிருந்து சிக்குப் போகும் பாரில் (ஒரு தாளச் சுற்றில்) முதல் பீட்டில் ஜி, மூன்றாவதில் ஏ, நான்காவதில் பி, அடுத்த பாரின் தலையில் சி. கேட்க அருமையாக இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் இதையே போட்டால் பாடுகிறவரின் வரி அமுங்கிவிடும். பல்லவி தொடங்குவதற்கு முன் ஒருமுறை போதும் என்பது என் கருத்து.

டோலி பார்ட்டனின் ‘ஜோலீன்’ (1973) வேறொரு கண்ணி. இணையத்தில் கிடைக்கும் கார்ட் தாளில் ஏ மைனர் என்றிருக்கும். மேலே சிறிய எழுத்தில் ‘கேபோ 4’ என்றிருக்கும். கேபோ என்பது கம்பிகளை ஒரு ஃபிரெட்டில் அமுக்கி ஸ்ருதியை உயர்த்தும் கவ்வி. கிட்டார்காரரின் விரல்கள் ஏ மைனர் வடிவில் இருந்தாலும் ஒலிப்பது சி ஷார்ப் மைனர். பேஸுக்கு கேபோ கிடையாது. நாம் ஏ அடித்தால் பாட்டோடு மோதும். ஏ கம்பியின் நான்காவது ஃபிரெட்டுக்குப் போக வேண்டும். கூட வாசிப்பவரிடம் ‘கேபோ எங்கே?’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

டேபில் (எந்தக் கம்பி, எந்த ஃபிரெட் என்று எண்ணால் எழுதும் தாள்) உள்ள ஃபிரெட் எண்களை மனப்பாடம் செய்பவர்கள் மாட்டிக்கொள்வதும் இப்படித்தான். பாடுகிறவர் ‘ஸ்ருதியைக் கொஞ்சம் கீழே இறக்கலாமா?’ என்றால் எல்லாம் போச்சு. நாஷ்வில் ஸ்டூடியோக்காரர்கள் இதற்கு 1950களின் பிற்பகுதியிலேயே வழி கண்டார்கள். ஜோர்டனேர்ஸ் பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் தொடங்கிய எண் முறையில் கார்டுகளுக்குப் பெயரில்லை. 1, 4, 5 என்ற எண்கள்தான். ஜி கீயில் (ஸ்ருதியில்) அது ஜி, சி, டி. சி கீயில் சி, எஃப், ஜி. பாட்டை எண்ணாக நினைவில் வைத்தால் கீ மாறினாலும் கை அலறாது.

பாட்டுத் தேர்வில் ஒரு எச்சரிக்கை. ஜானி கேஷின் ‘ஐ வாக் த லைன்’ (1956) கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் சரணத்துக்குச் சரணம் கீ மாறும். அதைக் கொஞ்ச நாள் ஒத்திப்போடுங்கள். வால்ட்ஸ் பாட்டுகளில் பயமில்லை: மூன்று பீட்டில் முதல் பீட் மட்டும் நமக்கு, ஒரு பாரில் ரூட், அடுத்த பாரில் ஃபிஃப்த்.

அப்புறம், ஃபோன் ஸ்பீக்கரில் பேஸைக் காதால் பிடிக்க முயலாதீர்கள். திறந்த ஈ கம்பியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. ஹெட்ஃபோன் வேண்டும்.

பயிற்சிக்கு மெட்ரோனோமை (சீராக ‘டிக்’ அடிக்கும் தாளக் கருவி) பாட்டின் வேகத்தில் பாதியாக வையுங்கள். நிமிடத்துக்கு 100 பீட் வேகப் பாட்டுக்கு 50. விழும் ஒவ்வொரு ‘டிக்’கையும் இரண்டு, நான்கு என்று எண்ணி, நடுவில் உங்கள் ‘பூம்’ போடுங்கள். முதலில் டிக் நழுவி 1க்கு வந்துவிடும். நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். இரண்டு கார்டை வைத்து ஐந்து நிமிடம் நழுவாமல் ஓடினால், மூன்றாவது கார்ட் உள்ள பாட்டை எடுக்கலாம்.